நைட் ஷிஃப்ட் காட்டாததை டி1 காட்டியது

பேரியம் இரும்பு ஆர்செனைடு 140 கெல்வினுக்குச் சற்றுக் கீழே எதிர்ஃபெரோ காந்தமாகிறது, அதாவது அதன் ஸ்பின்கள் (அணுக்களின் நுண்காந்தங்கள்) எதிரெதிராக அடுக்கிக்கொள்கின்றன. கொஞ்சம் கோபால்ட் கலந்தால் அந்த ஒழுங்கு தளர்ந்து, மின்தடையே இல்லாத மீக்கடத்தல் தலைகாட்டுகிறது. அந்த இடைப்பட்ட கலவையில் இரும்பின் ஸ்பின்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று பார்க்கத்தான் என்.எம்.ஆரில், அதாவது காந்தப்புலத்தில் வைத்த அணுக்கருக்களை ரேடியோ அலையால் தட்டிக் கேட்கும் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில், இறங்கினேன்.

இரும்பு-57 இயற்கையில் 2 சதவீதம்தான், சமிக்ஞையும் மெலிது. ஆர்செனிக்-75 முழுக்க 100 சதவீதம். 7 டெஸ்லா புலத்தில் 51 மெகாஹெர்ட்ஸ் பக்கம் தேடினால் போதும். இரும்புத் தளத்தை ஒட்டியே அது உட்கார்ந்திருப்பதால் இரும்பு ஸ்பின்களின் அசைவு அதை நன்றாகவே எட்டுகிறது.

படிகம் உலோகம் என்பதால் ரேடியோ அலை மேற்பரப்பைத் தாண்டி அதிகம் நுழையாது. மெல்லிய தகட்டை எடுத்துச் சுருளை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். அந்த வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும் என்பேன்.

முதலில் நைட் ஷிஃப்ட் (Knight shift), அதாவது சுற்றியுள்ள எலக்ட்ரான்களின் காந்தத்தன்மையால் அணுக்கருவின் அதிர்வெண் நகரும் அளவு. குளிரக் குளிர அது குறைந்தது. இதை மட்டும் நம்பினால் காந்தத்தன்மை அடங்கிப்போகிறது என்றே முடிவுகட்டத் தோன்றும். அப்புறம் டி1, அதாவது கலைந்த அணுக்கருக் காந்தமாக்கல் தளர்ந்து பழைய நிலைக்கு மீள எடுக்கும் நேரம். ஒரு பல்ஸால் அணுக்கருக்களின் காந்தமாக்கலைக் கலைத்துவிட்டு, காத்திருக்கும் நேரத்தை மாற்றி மாற்றி ஸ்பின் எதிரொலியின் (பல்ஸ்களுக்குப் பின் திரும்பி வரும் சமிக்ஞையின்) அளவைக் குறிக்க வேண்டும். ஆர்செனிக்கின் ஸ்பின் 3/2. அதனால் நிறமாலையின் நடுக்கோட்டின் மீட்சியில் பத்தில் ஒரு பங்குதான் டி1 வேகத்தில் நடக்கும், மற்ற ஒன்பது பங்கு 6 மடங்கு வேகத்தில். இந்த வடிவத்தையே பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் கிடைக்கும் டி1-க்குப் பொருளில்லை.

தளர்வு வீதத்தை (1/டி1) வெப்பநிலையால் வகுத்துப் போட்ட வரைபடம்தான் என்னை உட்கார வைத்தது. சாதாரண உலோகத்தில் இது கொரிங்கா விதிப்படி ஏறக்குறைய மாறாமல் இருக்கும். இங்கே குளிரக் குளிர ஏறிக்கொண்டே போனது. இயற்பியலாளர் மோரியாவின் சூத்திரம் காரணம் சொல்கிறது: நைட் ஷிஃப்ட் எல்லா ஸ்பின்களும் ஒருசேரச் சாயும் பங்கை மட்டும் பார்க்கிறது. தளர்வோ, எல்லா அலைநீளத்து அசைவுகளையும் கூட்டிப் பார்க்கிறது. அண்டை ஸ்பின்கள் எதிரெதிராகத் திரும்பும் அசைவுகள் வலுப்பதை ஷிஃப்ட் காணவே முடியாது.

ஒழுங்கு நிலையை நெருங்கும்போது டி2 (எதிரொலி மங்க எடுக்கும் நேரம்) சுருங்கி எதிரொலி தேய்கிறது. அங்கே பல்ஸ் இடைவெளியைக் குறைத்து, பொறுமையாகச் சராசரி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கோபால்ட் மிக அதிகமான கலவைகளில் தளர்வில் அந்த ஏற்றம் இல்லை, மீக்கடத்தலும் இல்லை. இரண்டும் சேர்ந்தே மறைவதால், ஸ்பின் அசைவுகளுக்கும் மீக்கடத்தலுக்கும் உறவு இருக்கிறது என்ற பக்கமே நான் சாய்கிறேன்.