பார்க்கின்சன் மருந்தாய்வில் சேர்ந்தேன்: படிவமும் ஒரு வீண் பயணமும்

எனக்குப் பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் வந்து 7 வருடம் ஆகிறது. அதற்கு முன் 32 வருடம் திண்டிவனம் பக்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. இப்போது என் எழுத்து எறும்பு வரிசை போலச் சிறுத்துவிட்டதால், நான் சொல்லச் சொல்ல என் தங்கைதான் இதைத் தட்டச்சு செய்கிறாள்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், ‘ஆஃப்’ நேரத்தை, அதாவது மாத்திரையின் வேலை தீர்ந்து உடம்பு இறுகிப்போகும் நேரத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்றை, நாங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சின்டோபா மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு நடக்கிறது. எங்கள் நரம்பியல் டாக்டர்தான் அனுப்பிவைத்தார். ரத்தம், ஈசிஜி, பழைய சீட்டுகள் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. சிக்கல் ஒப்புதல் படிவத்தில்தான் தொடங்கியது.

22 பக்கம். அங்கேயே உட்கார்ந்து கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வீட்டில் படித்துவிட்டு வருகிறேன் என்று வாங்கி வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். யோசிக்க நேரம் கேட்பது நம் உரிமை. கையெழுத்துப் போட்ட பிறகும், காரணமே சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

முதலில் படித்தவள் தங்கை. மூன்றாம் பக்கத்திலேயே பதறிவிட்டாள். “அக்கா, போலி மருந்துன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க, நீ இதுல கையெழுத்துப் போடப் போறியா?” படிவத்தில் இருந்தது ‘மருந்துப்போலி’. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலருக்குக் கொடுக்கும், மருந்தே இல்லாத மாத்திரை. சரியான சொல்தான். ஆனால் விளக்கம் ஒரு வரிகூட இல்லை. அடுத்து, யாருக்கு மருந்து, யாருக்கு மருந்துப்போலி என்று பிரிப்பதைப் பற்றி: ‘நீங்கள் சீரற்ற முறையில் பிரிக்கப்படுவீர்கள்’. பிளஸ் டூ கணக்கில் ‘சமவாய்ப்பு’ என்று அழகான சொல் இருக்கிறது. அதுவும் புரியாதென்றால் ‘குலுக்கல் முறை’ என்று போடலாமே. சீரற்ற முறை என்றால், ஏனோதானோ என்று நம்மை எங்கேயோ தள்ளிவிடுவார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

என்னை மிகவும் உறுத்தியது ‘தன்னிச்சை அசைவுகள்’. தன் இச்சை என்றால் தன் விருப்பம். என் தோளும் கழுத்தும் நான் நிறுத்த நினைத்தும் நிற்காமல் வளைந்து நெளிகின்றன. அதற்குப் போய் ‘விருப்பப்படி அசைவது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ‘ஆஃப்’ என்று எங்களுக்குள் எல்லோரும் சொல்வதை ‘அணைந்த நிலை’ ஆக்கியிருந்தார்கள். ‘அணைந்த நிலையில் காலை 9 மணிக்கு வரவும்.’ விளக்கு அணைந்தது என்று எந்த வீட்டில் எப்போது சொல்வார்கள்? நடுக்குவாதக்காரர் கையில் கொடுக்கும் தாளில் அந்தச் சொல் வரலாமா? பரீட்சைத் தாள் திருத்துவது போல் சிவப்பு மையில் 14 இடங்களில் கோடு போட்டேன்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண் நல்ல பிள்ளை. “எதிக்ஸ் கமிட்டி பாஸ் பண்ணின ஃபார்ம்மா, ஒரு எழுத்துகூட நாங்க மாத்த முடியாது” என்றாள். ஆய்வில் சேருகிறவர்களின் பாதுகாப்பைப் பார்த்து அனுமதி கொடுக்கும் குழுதான் எதிக்ஸ் கமிட்டி. அவள் சொன்னதில் தவறில்லை. டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்த பிறகு கையெழுத்துப் போட்டேன். கேட்கத் தயங்குகிறவர்கள் என்ன செய்வார்கள் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை.

இரண்டாவது முறை போனபோதுதான் நான் உடைந்து போனேன். ‘ஆஃப்’ நிலையில் பரிசோதிக்க, 12 மணி நேரம் மாத்திரை இல்லாமல் போக வேண்டும். முந்தின இரவு 9 மணியோடு நிறுத்திவிட்டேன். விடியற்காலை 4 மணிக்கு எழுந்தால் உடம்பு மரக்கட்டை. சேலை கட்ட 40 நிமிடம் ஆனது. கல்யாணம் ஆகி 38 வருடத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்காரர் தரையில் முட்டி போட்டு எனக்குக் கொசுவம் மடித்துச் செருகினார். வாடகை வண்டி 5 மணிக்குக் கிளம்பியது. பெருங்களத்தூர் நெரிசலில் நின்றபோது, குனிந்த கழுத்தை நிமிர்த்த முடியாமல் மடியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தரை மணிவரை கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி. பிறகு கவுன்ட்டரில் இருந்தவர் சொன்னார்: “ரேட்டிங் போடற டாக்டர் லீவு. அடுத்த செவ்வாய் வாங்க.” வேறு டாக்டர் பார்க்கக்கூடாதா என்று இவர் கேட்டார். ஒவ்வொரு முறையும் அதே டாக்டர்தான் பார்த்து மதிப்பெண் போட வேண்டுமாம், அது ஆய்வின் விதி. நேற்றே ஒரு போன் பண்ணியிருக்கலாமே என்றதற்கு அவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. அங்கேயே மாத்திரை போட்டுக்கொண்டேன். விரல் அசைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வண்டிக்கு ரசீது இல்லை என்று பஸ் கட்டணம் மட்டும் கொடுத்தார்கள். பயணச் செலவு எவ்வளவு, எதற்கு ரசீது வேண்டும் என்பதை முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி படிவத்தின் கடைசிப் பக்கத்தை மறுபடி எடுத்தேன். எதிக்ஸ் கமிட்டி உறுப்பினர் செயலரின் தொலைபேசி எண் அதில் இருக்கும். அது நமக்காகத்தான் போடப்பட்டிருக்கிறது, தயங்காதீர்கள். 2019 மருந்தாய்வு விதிகளின்படி அந்தக் குழுவில் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும், பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், ஒருவர் சாதாரணப் பொதுமக்களில் ஒருவராக இருக்க வேண்டும். அந்த நோய் உள்ள ஒருவர் இருக்க வேண்டும் என்று மட்டும் பட்டியலில் இல்லை. எங்களில் ஒருத்தி அந்த மேசையில் இருந்திருந்தால் ‘அணைந்த நிலை’ தாண்டி வந்திருக்காது.

போனில் பேசிவிட்டு, தங்கையை எழுதச் சொல்லி இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினேன். திருத்திய படிவத்தின் நகலையும் வைத்தேன். கேட்டது மூன்று. சொற்களை மாற்றுங்கள். ‘ஆஃப்’ பரிசோதனைக்கு முந்தின நாள் மாலை 6 மணிக்குள் போன் செய்து டாக்டர் இருப்பதை உறுதி சொல்லுங்கள், அதன் பிறகுதான் நாங்கள் மாத்திரையை நிறுத்துவோம். மூன்றாவது, நாங்கள் வீட்டில் நிரப்பும் டைரியை மாற்றுங்கள்.

அந்த டைரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நாளை அரை மணி அரை மணியாக 48 கட்டமாகப் பிரித்து, தூக்கமா, ‘ஆஃப்’ நேரமா, மாத்திரை வேலை செய்யும் ‘ஆன்’ நேரமா என்று டிக் அடிக்க வேண்டும். மத்தியானம் டிவி முன்னால் ஆஃப் ஆனாலும் ஒரு டிக், ராத்திரி 2 மணிக்குப் புரண்டு படுக்க முடியாமல் இவரை எழுப்பினாலும் ஒரு டிக். இரண்டும் ஒன்றா? கட்டமோ கொத்துமல்லி விதை அளவு. நடுங்கும் கைக்கு அதற்குள் எப்படி அடங்கும்? இங்கிலாந்தில் நோயாளிகள், கவனித்துக்கொள்பவர்கள், மருத்துவர்கள் சேர்ந்து பார்க்கின்சனில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று 2014இல் ஒரு பட்டியல் போட்டார்கள். முதலிடத்தில் வந்தது நடுக்கம் இல்லை, தடுமாறி விழுவது. எங்களைக் கேட்டால் அதுதான் வரும்.

ஐந்து வாரம் பதில் இல்லை. பிறகு அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். “டீச்சரம்மா, புது ஃபார்ம் வந்திருக்கு, எல்லாரும் திரும்ப சைன் பண்ணணும்.” மேல் ஓரத்தில் பதிப்பு 2 என்று இருந்தது. ‘மருந்து இல்லாத, பார்வைக்கு அதே போன்ற மாத்திரை’. ‘குலுக்கல் முறை’. ‘தானாக வரும் அசைவுகள்’. ‘ஆஃப்’ ஆஃபாகவே இருந்தது. 14இல் 11 மாறியிருந்தது. என் சின்ன எழுத்தில் கையெழுத்துப் போட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டைரி மாறவில்லை. எல்லா நாட்டிலும் ஒரே டைரியாம், நடுவில் மாற்றினால் கணக்கு ஒட்டாதாம். அப்படியென்றால் அச்சடிப்பதற்கு முன்னால் எங்களைக் கேட்டிருக்க வேண்டும். அடுத்த ஆய்வுக்காகவாவது கம்பெனிக்கு எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன், தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

சேர நினைப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஆய்வு முடிந்ததும் மருந்து தொடர்ந்து கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். அமெரிக்காவில் ஆம்ஜென் கம்பெனி பார்க்கின்சனுக்காகச் சோதித்துக்கொண்டிருந்த ஜிடிஎன்எஃப் மருந்தை 2004இல் நிறுத்தியபோது, குணம் தெரிகிறது என்று சொன்ன நோயாளிகள் கோர்ட்டுக்குப் போயும் கிடைக்கவில்லை. ஆய்வின் பதிவு எண்ணையும் வாங்கி, நம் நாட்டு மருந்தாய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவில்லாத ஆய்வு என்றால் சேராதீர்கள்.

நாளைக் காலை அடுத்த ‘ஆஃப்’ பரிசோதனை. இன்று மாலை ஐந்தே முக்காலுக்குப் போன் வந்தது. “டாக்டர் இருக்காரும்மா, 9 மணிக்கு உங்களைத்தான் முதல்ல பார்ப்பார்” என்றாள். 9 மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். இவர் சேலைக்கு ஊக்குகளை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்.