ஒளிவிலகல்: சூத்திரம் தெரிந்தும் மதிப்பெண் போன இடங்கள்

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எவ்வளவு வளையும் என்று சொல்வது ஸ்நெல் விதி. பிளஸ் டூ படிக்கும்போது அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனாலும் காலாண்டுத் தேர்வில் அந்தக் கணக்குக்கு முட்டைதான். கண்ணாடிப் பரப்போடு 60° கோணத்தில் ஒளிக்கதிர் விழுகிறது, ஒளிவிலகல் எண் (ஒளியைக் கண்ணாடி எத்தனை மடங்கு மெதுவாக்குகிறது என்ற அளவு) 1.5, விலகுகோணம் (உள்ளே வளைந்து போகும் கதிரின் கோணம்) என்ன? இவ்வளவுதான் கேள்வி. 60-ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டு 35.3° என்று முடித்துவிட்டேன். படுகோணத்தை, அதாவது கதிர் வந்து விழும் கோணத்தை, பரப்பிலிருந்து அளப்பதில்லை, செங்குத்துக்கோட்டிலிருந்து அளக்க வேண்டும். அதனால் படுகோணம் 30°, விடை 19.5°. அன்றிலிருந்து எந்த ஒளியியல் கணக்கானாலும் முதலில் பரப்பு, அடுத்து புள்ளிக்கோட்டில் செங்குத்து, அப்புறம்தான் எண்கள்.

இன்னொரு தேர்வில் இதைவிட வயிற்றெரிச்சல். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு 45°-இல் வரும் கதிர். 1.5-ஐ 0.707-ஆல் பெருக்கினால் 1.06. சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டாதே, எங்கேயோ பிசகிவிட்டது என்று பக்கத்தையே அடித்துவிட்டேன். பிசகே இல்லை! அந்தக் கண்ணாடியின் மாறுநிலைக் கோணம் 41.8°. அதைத் தாண்டினால் கதிர் வெளியே வராது, முழு அக எதிரொளிப்பு அடைந்து கண்ணாடிக்குள்ளேயே திரும்பும். சைன் ஒன்றைத் தாண்டியதுதான் விடை. வைரத்துக்கு ஒளிவிலகல் எண் 2.42, மாறுநிலைக் கோணம் வெறும் 24.4°. நன்றாகப் பட்டை தீட்டிய வைரத்துக்குள் போன ஒளி பல தடவை மோதித் திரும்புவது இதனால்தான்.

எது எதற்கு மேல், எது கீழ் என்று சூத்திரத்தில் குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வது: வகுத்தலாக மனப்பாடம் செய்யாதீர்கள். கதிர் இருக்கும் ஊடகத்தின் ஒளிவிலகல் எண்ணை அங்குள்ள கோணத்தின் சைனோடு பெருக்குங்கள். அடுத்த ஊடகத்திலும் அதே பெருக்கல். இரண்டும் சமம். அவ்வளவுதான், காற்றிலிருந்து நீரானாலும் நீரிலிருந்து காற்றானாலும் குழப்பம் வராது.

‘அடர்மிகு ஊடகம்’ என்ற சொல்லும் என்னை ஏமாற்றியிருக்கிறது. எடை கூடிய பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெய் தண்ணீர் மேல் மிதக்கும். ஆனால் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.44, தண்ணீருக்கு 1.33. ஒளிக்கு மண்ணெண்ணெய்தான் அடர்மிகு ஊடகம், அதில்தான் ஒளி இன்னும் மெதுவாகப் போகிறது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு இது தோதான இடம்.

செய்முறைத் தேர்வுக்கு வருவோம். முப்பட்டகத்தில் (முக்கோணக் கண்ணாடியில்) ஒளி எவ்வளவு திசைமாறுகிறது என்று அளக்கும் நிறமாலைமானி சோதனை வந்தால் பலருக்கும் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. முப்பட்டக மேசையை மெதுவாகத் திருப்பும்போது ஒளி நுழையும் பிளவின் பிம்பம் நேர்க்கதிர் (முப்பட்டகம் இல்லாமல் நேராக வரும் கதிர்) பக்கமாக நகர்ந்து வரும். ஓரிடத்தில் நின்று, நீங்கள் அதே பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தாலும் அது வந்த வழியே திரும்பும். அந்தத் திரும்பும் இடம்தான் சிறும திசைமாற்ற நிலை, அதாவது கதிர் மிகக் குறைவாகத் திசைமாறும் நிலை. அவசரப்பட்டால் தவறிவிடும். நான் மூன்று முறை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து உறுதி செய்தபிறகே தொலைநோக்கியை இறுக்கினேன்.

அளவீட்டில் ஒரு பொறி உண்டு. விலகிய கதிருக்கு 333° 25′, நேர்க்கதிருக்கு 12° 20′ என்று வந்தது. கழித்தால் 321° 5′. திசைமாற்றக் கோணம் அவ்வளவு பெரிதாக இருக்குமா? வட்ட அளவுகோலில் நகரும் வெர்னியர் நடுவில் 360°-ஐத் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். 360-இலிருந்து கழித்தால் 38° 55′. முப்பட்டகக் கோணம் 60°. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 49° 27.5′. அதன் சைனை முப்பட்டகக் கோணத்தின் பாதியான 30°-இன் சைனால் வகுக்க, முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண் 1.52 கிடைக்கும்.

கடைசியாக, 38° 55′ என்பதை 38.55 என்று எழுதிவிடாதீர்கள். அறுபது நிமிடம் சேர்ந்தால்தான் ஒரு பாகை, ஆகவே அது 38.92. தப்பாகப் போட்டாலும் விடை 1.516 என்று வந்து நிற்கும். பார்க்க ஒழுங்கான விடை மாதிரியே இருப்பதால் நம் கண்ணில் படாது, திருத்துகிறவர் கண்ணில் பட்டுவிடும்.