கலைச்சாத்தானுங் சேரும்

"ஏங்கண்ணு, வெள்ளைப் பக்கம் பூரா சேந்துருச்சல்லொ? அதையெதுக்கு மறுக்கா கலைக்கறே?"

கோபியிலிருந்து சத்தி போற பஸ். முன்சீட்டு அப்புச்சிக்குத் தாங்கவில்லை. பேத்தி கையில் ரூபிக் கியூப்.

"கலைச்சாத்தானுங் அப்புச்சி அடுத்த வரிசை சேரும்."

ஏழெட்டுத் திருப்பு. வெள்ளை சிதறியது. மறுபடி கூடினபோது, நடுவரிசையில் ஒரு துண்டு சத்தமில்லாமல் தன் இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது.

1974இல் இதைச் செய்த எர்னோ ரூபிக்குக்கே சேர்க்கும் வழி பிடிபட ஒரு மாசம் போல ஆச்சாம். (இப்போ பொடிசுக பத்து செகண்டில் முடிக்குதுக, அது வேற கதை.)

நான் என் நாலு தறியை நினைத்துக்கொண்டேன். சேர்த்தது கலைஞ்சுருமேன்னு விற்காமல், மூணு வருசமா வட்டி கட்டிட்டிருக்கேன்.

சத்தியில் இறங்கும்போது கியூப் அப்புச்சி கையில். திருப்ப மனசில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.