தெல்கிரேஸ் வெளியேறிய வாசல்

பாரிஸ் பாந்தெயோனின் நிலவறையில் வோல்த்தேர், ரூசோ கல்லறைகளைப் பார்க்கத்தான் எல்லாரும் போவார்கள். நானும் அதற்குத்தான் போனேன். திரும்பும்போது சுவரில் இருந்த ஒரு கல்வெட்டு கண்ணில் பட்டது. லூயி தெல்கிரேஸ் என்பவரின் நினைவாக 1998இல் வைத்தது. அடிமை முறை மீண்டும் வருவதை எதிர்த்துப் போராடியவர், 1802இல் மத்தூபாவில் 300 போராளிகளோடு, சரணடையாமல் இறந்தவர் என்று இருந்தது.

"மீண்டும்" என்ற சொல்தான் என்னை உறுத்தியது. ஒருமுறை ஒழித்த அடிமை முறை எப்படித் திரும்பி வரும்? அந்தக் கேள்வியோடுதான் இந்த மே மாதம், மத்தூபா இருக்கும் கரீபியத் தீவான குவாதலூப்புக்கு டிக்கெட் எடுத்தேன். ஓர்லி விமான நிலையத்திலிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். இறங்கினால் அதுவும் பிரான்ஸ்தான். அதே யூரோ, அதே தபால் பெட்டி. ஊராட்சி அலுவலக வாசலில் அதே மூன்று சொற்கள்: சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்.

புவாந்தாபித்ர் நகரிலிருந்து பாஸ்தேருக்கு பஸ்ஸில் போனேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாழைத் தோட்டம். நம் ஊர்ப்பக்கம் போவது போலவே இருந்தது. கடைசியில் சூஃபிரியேர் எரிமலையின் அடிவாரத்தில், கடலைப் பார்த்தபடி அந்தக் கோட்டை. 1989 முதல் அதன் பெயர் தெல்கிரேஸ் கோட்டை.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸில் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. அதே வருடம் ஜூனில் விக்தோர் யூக் என்ற அதிகாரி அந்த ஆணையோடு குவாதலூப்பில் வந்து இறங்கி, தீவைப் பிடித்திருந்த ஆங்கிலேயரைத் துரத்தினார். அந்தச் சண்டைக்கு அவர் சேர்த்த படையில் நேற்றுவரை கரும்பு வெட்டிய அடிமைகள் இருந்தார்கள். முழு விடுதலை என்று அதைச் சொல்ல மாட்டேன். தோட்டத்தை விட்டுப் போகக்கூடாது என்ற கட்டாய வேலை தொடர்ந்தது. ஆனாலும் ஒரு மனிதனை இன்னொருவன் விற்க முடியாது. எட்டு வருடம் அப்படி வாழ்ந்தார்கள். அந்த வருடங்களில் பிறந்த குழந்தை பிறக்கும்போதே குடிமகன்.

1802 மே மாதம் நெப்போலியன் அனுப்பிய தளபதி ரிஷ்பான்ஸ் சுமார் 3,500 வீரர்களோடு வந்து இறங்கினார். தீவின் படைத் தலைவர் பெலாழ், அவரே கறுப்பு-வெள்ளைக் கலப்பினத்தவர், வரவேற்பு கொடுத்தார். வரவேற்புக்கு அணிவகுத்து நின்ற கறுப்பு வீரர்களிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிக் கப்பலில் அடைத்தார்கள். அது போதும், என்ன வரப்போகிறது என்று புரிந்துகொள்ள. தப்பித்த இஞாஸ் என்ற அதிகாரி ஆட்களோடு பாஸ்தேருக்கு வந்து சேர்ந்தார். அங்கே தலைமை தாங்கியவர் தெல்கிரேஸ். மார்த்தினிக் தீவில் பிறந்தவர், வயது 35, பிரெஞ்சுக் குடியரசின் ராணுவ அதிகாரி.

மே 10 அன்று அவர் உலகம் முழுமைக்கும் ஓர் அறிக்கை விட்டார். "அப்பாவித்தனத்தின், நிராசையின் கடைசிக் குரல்" என்று அதற்குத் தலைப்பு. ஒடுக்குமுறையை எதிர்ப்பது இயற்கையான உரிமை என்று அதில் எழுதினார். முடிவில் வருங்கால மக்களை நேராக அழைத்து, எங்கள் துயரத்துக்கு ஒரு துளி கண்ணீர் கொடு, நாங்கள் நிறைவோடு சாவோம் என்றார். அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை படித்தாலும் தொண்டை அடைக்கிறது. ஜெயிப்போம் என்று ஒரு வார்த்தை இல்லை. யாராவது ஒருவர் பின்னாளில் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது.

கோட்டைக்குள் கொத்தளத்தின் மேல் நின்றால் கரீபியக் கடல் அசையாமல் கிடக்கிறது. முற்றுகையின்போது தெல்கிரேஸ் இங்கே நின்று வயலின் வாசித்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். உள்ளே ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் ரிஷ்பான்ஸின் கல்லறை இருக்கிறது. ஜெயித்த நான்கு மாதத்துக்குள், செப்டம்பரில், மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனார். இந்தக் கோட்டைக்கு நெடுங்காலம் அவர் பெயர்தான். இன்று தோற்றவரின் பெயர் கொண்ட கோட்டைக்குள் ஜெயித்தவர் படுத்திருக்கிறார். அதற்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது.

அப்புறம் நான் தேடியது பின்பக்க வாசலை. காலியோன் ஆற்றை நோக்கித் திறக்கும் சின்ன வாசல் அது. கல் ஈரமாக, பாசி படிந்து இருந்தது. உள்ளங்கையை வைத்தால் சில்லென்று இருந்தது. மே 22 இரவு தெல்கிரேஸும் இஞாஸும் ஆட்களோடு இதன் வழியாகத்தான் வெளியேறினார்கள். இஞாஸ் புவாந்தாபித்ர் பக்கம் போய், மூன்றே நாளில் பெம்ப்ரிஜ் என்ற இடத்தில் சுற்றி வளைக்கப்பட்டு மடிந்தார். தெல்கிரேஸ் மலைமேல் மத்தூபாவுக்குப் போனார்.

நானும் மறுநாள் போனேன். மே 28, 1802இல் எல்லாம் முடிந்த அதே தேதி. சேன்-குளோத் தாண்டியதும் காற்று குளிர்ந்துவிடுகிறது. நினைவுக்கல் அருகே சில குடும்பங்கள் பூவோடு வந்திருந்தன. க்வோகா மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். இங்கேதான் ஒரு தோட்ட வீட்டில், படைகள் நெருங்கி வரும்போது, வெடிமருந்தைப் பரப்பித் தீ வைத்தார்கள். சுமார் 300 பேர். பெண்களும் உண்டு. "சுதந்திரமாக வாழ், இல்லையேல் சாவு" என்ற புரட்சியின் முழக்கத்தைப் பாரிஸிலிருந்து வந்தவர்கள் மறந்துவிட்டார்கள், இவர்கள் மறக்கவில்லை.

பிடிபட்டவர்களில் சொலித்யூத் என்ற பெண் கர்ப்பிணி. பிரசவம் வரை காத்திருந்து, குழந்தை பிறந்த மறுநாள், நவம்பர் 29 அன்று தூக்கிலிட்டார்கள். பிறந்த குழந்தை ஒரு முதலாளியின் சொத்து, அதனால்தான் அந்தக் காத்திருப்பு. லேஸ் அபீம் ஊர்ச் சாலையில் அவளுக்குச் சிலை இருக்கிறது. நிறைமாத வயிற்றோடு, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிற்கிறாள்.

ஜூலையில் "குடிமகன்" என்ற பட்டம் இனி வெள்ளையருக்கு மட்டும் என்று ரிஷ்பான்ஸ் ஆணையிட்டார். அடிமை முறை திரும்பியது, 1848 வரை நீடித்தது. ஆனால் குவாதலூப் செய்தி பக்கத்துக் காலனியான சேன்-தொமேங்குக்குப் போனபோது, அதுவரை பிரெஞ்சுப் பக்கம் நின்ற தெஸலீன், பெத்தியோன் போன்ற தளபதிகள் அந்த அக்டோபரிலேயே துப்பாக்கியைத் திருப்பினார்கள். 1804 ஜனவரி 1 அன்று அது ஹைட்டி என்ற சுதந்திர நாடானது. மத்தூபாவில் நடந்ததைத் தோல்வி என்று மட்டும் எழுதுபவர்களை நான் ஏற்க மாட்டேன்.

திரும்பும் வழியில் கப்பெஸ்தேரில் இறங்கினேன். சாப்பாட்டுக்கடையில் "கொலம்போ" என்று கோழிக்கறி. மல்லியும் சீரகமும் மஞ்சளும், சந்தேகமே இல்லை, நம் குழம்புதான். அடிமைகள் விடுதலையான பிறகு கரும்பு வெட்ட ஆள் இல்லாமல், 1854 முதல் 1889 வரை சுமார் 42,000 இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். புதுச்சேரி, காரைக்காலில் கப்பல் ஏறியவர்கள் நிறைய. புதுச்சேரிக்காரியான எனக்கு இது பள்ளியில் யாரும் சொல்லாத பாடம். இந்த ஊரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர், அந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1904இல் தொடங்கி 1923 வரை நீதிமன்றப் படி ஏறினார். மறுபடியும் அதே சொல்தான்: குடிமகன்.

கப்பெஸ்தேருக்கு வரும் முன்பே, பாஸ்தேரை விட்டுக் கிளம்பிய கையோடு, பஸ் காலியோன் பாலத்தைக் கடந்தது. ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து கோட்டையின் பின்சுவரில் அந்தச் சின்ன வாசலைத் தேடினேன். மரங்கள் மறைத்திருந்தன. கீழே பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருந்தது.