அம்மப்பாவின் பவுண் மணிக்கூடு

அம்மப்பா விட்டுச் சென்ற ஒமேகா கொன்ஸ்டலேஷன் மணிக்கூட்டை யாழ்ப்பாணத்து நகைக்கடைத் தெருவான கஸ்தூரியார் வீதியில் கொடுத்து மினுக்கும்படி உறவினர் பலரும் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். 1952இல் அறிமுகமான இந்த வரிசையின் பின்மூடியில் வானாய்வுக்கூடத்தின் குவிமாடமும் அதன்மேல் எட்டு நட்சத்திரங்களும் புடைத்து நிற்கின்றன. மினுக்கும் சக்கரம் முதலில் தின்பது அவற்றையும், பட்டி மாட்டும் கொம்புகளின் கூரிய விளிம்புகளையும்தான். உள்ளே இருப்பது 551 என்ற இலக்கமுள்ள இயந்திரம்: 24 கற்கள், மணிக்கு 19,800 அதிர்வுகள், கை அசையும்போதெல்லாம் சுழன்று சுருள்வில்லை முறுக்கும் செந்நிறச் சுழலி. கூடு 18 கரட்; அதாவது முக்கால் பங்குதான் தங்கம். எடைபோட்டு விலை பேசுபவருக்கு (நம்மூரில் அவர்களே அதிகம்) இது வெறும் பவுண். சேகரிப்பவரோ, பன்னிரு பட்டைகளாகச் சரிந்திறங்கும் முகப்பையே முதலில் பார்ப்பார். மஞ்சள் பூத்திருந்தாலும் மறுபூச்சுப் பெறாததற்கே மதிப்பு. எங்கள் உப்புக்காற்றின் ஈரம் புகாதிருக்க, மூடியின் ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றுவித்தேன்.