அப்பாவின் தெருக்களும் லண்டன் டாக்சிக்காரர்களும்

எம்ஆர்ஐ எடுக்கிற வேலைக்கு வந்த பிறகுதான் ஹிப்போகேம்பஸ் என்ற பேரே எனக்குத் தெரியும். நினைவுக்கும் வழி தெரிவதற்கும் வேண்டிய மூளைப் பகுதி அது. மறதி என்று வருகிற வயசானவர்களுக்கும், ஃபிட்ஸ் வருகிற பிள்ளைகளுக்கும் அதைப் பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டில் எழுதியிருப்பார். காதுக்கு உள்பக்கமாக, மூளையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று சுருண்டு கிடக்கும். எந்த இடத்தில் வெட்டிப் பார்க்க வேண்டும் என்று காட்டுகிற கோட்டை, ஸ்கிரீனில் அதன் நீளவாக்குக்குக் குறுக்கே சாய்த்து வைத்து, மெல்லிய துண்டுகளாகப் படம் எடுக்க வேண்டும். தலை கொஞ்சம் கோணியிருந்தாலும் ஒரு பக்கம் பெரிசாகவும் மறுபக்கம் சிறிசாகவும் தெரியும். அதனால் இந்தக் கோடு போடுவதில் நான் அவசரப்படுவதே இல்லை.

இதைப் பற்றிப் படித்ததில் என் மனசில் ஒட்டிக்கொண்டது, லண்டன் டாக்சி டிரைவர்களின் மூளையைப் பற்றி எலினார் மக்வயர் என்ற நரம்பியல் விஞ்ஞானி செய்த ஆராய்ச்சி. காரணம் அப்பா. சைதாப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறார்.

மக்வயர் டப்ளினில் பிறந்தவர். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்தார். 2025 ஜனவரியில், 54 வயதில் காலமானார். தனக்கு வழி கண்டுபிடிக்கவே வராது என்று பேட்டிகளில் சொன்னவர். வழி தெரிந்தவர்கள் மேல் அவருக்கு அவ்வளவு அக்கறை வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட 'நாலெட்ஜ்' என்று ஒரு பரீட்சை உண்டு. நடு லண்டனில் இருக்கும் சேரிங் கிராஸிலிருந்து ஆறு மைலுக்குள் இருக்கும் ஏறக்குறைய 25,000 தெருக்கள் மனப்பாடமாக வேண்டும். மொபெட்டில் சுற்றிச் சுற்றிப் படிக்கவே மூணு நாலு வருஷம் போகும். அதிகாரி இரண்டு இடங்களைச் சொல்வார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் நடுவில் வருகிற ஒவ்வொரு தெருவையும் திருப்பத்தையும் வரிசையாக ஒப்பிக்க வேண்டும்.

நம் ஊரில் அப்படிப் பரீட்சை இல்லை. ஆனால் அப்பாவிடம் "சைதாப்பேட்டையிலேருந்து பார்த்தசாரதி கோயில்" என்று சொல்லிப் பாருங்கள். கண்ணை லேசாக மூடிக்கொள்வார். வலது கை தானாக ஆக்சிலேட்டரைப் பிடிக்கிற மாதிரி மடங்கும். "நந்தனம், தேனாம்பேட்டை, ஜெமினி... ராயப்பேட்டை மணிக்கூண்டு, பைகிராப்ட்ஸ் ரோடு, பெரிய தெரு. சேப்பாக்கத்துல மேட்ச் இருந்தா வாலாஜா ரோடு பக்கமே தலை வெச்சிப் படுக்கக்கூடாதும்மா."

2000-இல் மக்வயர் 16 டாக்சி டிரைவர்களின் மூளையைப் படம் எடுத்தார். ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிட அவர்களுக்குப் பெரிசு. வண்டி ஓட்டிய வருஷம் கூடக் கூட அதுவும் கூடியிருந்தது. முன்பகுதி சிறுத்திருந்தது. பிறகு பஸ் டிரைவர்களோடு ஒப்பிட்டார். அவர்களும் அதே டிராஃபிக்கில் ஓட்டுகிறவர்கள்தான், ஆனால் போட்ட ரூட். அவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. எங்கள் சித்தப்பா 29சி ஓட்டியவர், அவரிடம் இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது.

பிறவியிலேயே அப்படிப்பட்ட மூளை இருப்பவர்கள்தான் டாக்சிக்கு வருகிறார்களோ? அதற்கும் பதில் தேடினார். பயிற்சியில் சேர்ந்த 79 பேரை முன்கூட்டியே படம் எடுத்து வைத்தார். அவர்களில் 39 பேர் தேறினார்கள். தொடக்கத்தில் தேறியவர்களுக்கும் தேறாதவர்களுக்கும் அளவில் வித்தியாசம் இல்லை. பின்பகுதி வளர்ந்தது தேறியவர்களுக்கு மட்டும். 2011-இல் வெளிவந்த இந்த முடிவைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. படிக்காதவர் என்று ஊர் சொல்கிற மனுஷர்கள் செய்கிற படிப்பு இது.

இரண்டு பக்க ஹிப்போகேம்பஸும் சேதமான ஒரு டாக்சி டிரைவரையும் மக்வயர் சோதித்தார். பெரிய சாலைகளில் அவர் சரியாகப் போனார், உள்தெருக்களில் திணறினார். இதைக் கேட்டு அப்பா சட்டென்று சொன்னார்: "மெயின் ரோடு யாருக்கு வேணா தெரியும். சந்துதாம்மா தொழிலு."

2007-இல் இன்னொன்றும் தெரிந்தது. ஹிப்போகேம்பஸ் பழுதானவர்களிடம் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னபோது, முழுக் காட்சி அவர்களுக்குக் கூடிவரவில்லை. நடந்ததை நினைக்கிற இடம்தான் நடக்காததையும் கட்டிப் பார்க்கிறது. மழை நாளில் சவாரி ஏறியதும் அப்பா உடனே கிளம்பமாட்டார். அரங்கநாதன் சப்வேயில் தண்ணி, துரைசாமி சப்வேயிலும் நிற்கும் என்று மனசுக்குள்ளேயே ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

பரீட்சை எழுதாமல், மெட்ரோ வேலைக்காக மாற்றி மாற்றி அடைக்கிற ரோடுகளில் ஓட்டிக்கொண்டிருக்கும் நம் ஸ்டாண்டுக்காரர்களை யாராவது இதே மாதிரி அளக்க வேண்டும். மேப் பார்த்து மட்டுமே ஓட்டுகிற புதுப் பையன்களையும் சேர்த்து. நரம்பியல் ஆராய்ச்சியில் இருப்பவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். கோடு போட்டுப் படம் எடுத்துத் தர லீவு நாளிலும் நான் வருகிறேன். டிரைவர்களை அப்பா அழைத்து வருவார்.