சிங்காரம் சிரிக்கிற இடம்

சிங்கம்புணரிக்காரர் ப. சிங்காரம் 1938இல் வட்டிக்கடை வேலைக்காக இன்றைய இந்தோனேசியாவின் மேடான் நகருக்குக் கப்பலேறினார். 1946இல் திரும்பி, மதுரை தினத்தந்தியில் வேலை, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் அறை. எழுதியது இரண்டே நாவல்: ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’. ‘தோணி’ அச்சேற 1972 ஆகிவிட்டது.

அதைப் போர்க்கதையாக மட்டும் படித்தால் பாதி போச்சு. கதைநாயகன் பாண்டியனும் நண்பர்களும் குடித்தபடி தமிழ்ப் பழம்பெருமையை நையாண்டி செய்யும் பக்கங்களில்தான் சிங்காரம் முழுசாக வெளிப்படுகிறார். சங்கப்பாட்டு, சிலம்பு கொஞ்சமாவது தெரியாவிட்டால் கேலி விளங்காது.

பலர் தடுக்கி விழுவது வட்டிக்கடைச் சொற்களில். கிட்டங்கி என்பது பல வட்டிக்கடைகள் பெட்டி போட்டு உட்காரும் கூடம். மேலாள் கடையை நடத்துபவர். அவருக்குக் கீழே அடுத்தாள். கடைசியில் பெட்டியடிப் பையன். இந்த வரிசை பிடிபட்டதும் ‘கடலுக்கு அப்பால்’ தானாக ஓடும். அதையே முதலில் எடுங்கள், சின்னது.